மஞ்சள் பட்டன்

இந்த இடத்துக்கு யாரும் வரவில்லையே ஆன்ட்டி? உட்கார்ந்துகொள்கிறேன். ஜன்னலை மட்டும் கொஞ்சம் சாத்திவிடுங்க, பிள்ளைக்கு உப்பளத்துக் காற்று ஆகாது. போதும், போதும். எனக்காக நீங்க வேர்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

எங்கே போகிறேன் என்றா கேட்டீங்க? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன். இவனுக்குத் தடுப்பூசி போடப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உண்மையில் பழிவாங்கப் போகிறேன்.

சிரிக்காதீங்க. கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பழிவாங்கப் போகிறவளை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. நானும் பார்த்ததில்லை. விட்டு வரவும் முடியாது, இவனை வைத்துத்தான் பழியே. இவனை விட்டால் என் அக்கா கிளாடிஸ் கையில்தான் விடணும். பழி அவள்மேல்தான்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடியில் எங்கள் பங்குக்கோயிலில் இவனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்கப்போகிறவள் கிளாடிஸ். யார் முடிவு பண்ணினது? நானில்லை. என் அம்மா, என் மாமியார், கப்பலுக்குப் போயிருக்கிற என் வீட்டுக்காரர், எல்லோருமாய்ப் பேசி முடித்துவிட்டு எனக்குச் சொன்னார்கள். "அவளுக்குத்தான் பிள்ளை இல்லையே டெல்பி. இதையாவது அவளுக்குக் கொடு." இதையாவது. கவனிச்சீங்களா? என் பிள்ளை என்ன, மீந்துபோன மீன்குழம்பா?

அதனால்தான் இன்றைக்கே போகிறேன். அந்தோனியார்முனையில் என் சித்தி இருக்கிறாள். அந்த ஊர்ப் பங்குச் சாமியார் வயசானவர். தாய்க்காரி பயந்து கிடக்கிறாள், பிள்ளை சவலை, சீக்கிரம் ஊற்றிவிடுங்கள் என்று சித்தி அவரிடம் பேசி வைத்திருக்கிறாள். நாளைக்குக் கிளாடிஸ் பட்டுப்பாவாடைத் துணியில் அவளே தைத்த வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வருவாள். வரட்டும். பிள்ளைக்கு நேற்றே ஆகிவிட்டது என்பேன். ஞானஸ்நானம் ஒரு தடவைதானே? ரெண்டாம் தடவை ஊற்ற மேற்றிராணியாருக்கே, அந்த பிஷப்புக்கே அதிகாரமில்லை. அவள் அந்தச் சட்டையை வைத்துக்கொண்டு நிற்கிற நிலையை நான் பார்க்கணும். பார்த்தால் போதும்.

அப்படி என்ன பண்ணினாள் என்றுதானே பார்க்கிறீங்க. என்னைக் கொன்றாள் ஆன்ட்டி.

விளையாட்டில்தான். ஆனால் கொன்றது கொன்றதுதான்.

எங்கள் கான்வென்டுக்குப் பின்னால், மக்ரூன் போடுகிற ஒரு பேக்கரிக்கு ஒட்டினாற்போல, கனியண்ணன் என்று ஒருத்தர் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். பீரோ மாதிரி உயரமான பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு திரை, கீழே குச்சி, பட்டன். கடைக்குள்ளே எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும், திரை பளிச்சென்று தெரியணும் என்று. முழுக்கப் பையன்கள். பெண்பிள்ளை என்று பார்த்தால் நானும் கிளாடிஸும்தான். சனிக்கிழமை ஞானோபதேச வகுப்பு என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புவோம். கோயில் வாசல் வரை போவோம். அப்புறம் பேக்கரிச் சந்து.

எங்கள் அப்பா யார் தெரியுமா? கோயிலில் பாட்டு மாஸ்டர். அவர் ஆர்மோனியத்தில் கை வைத்தால் கோயிலே எழுந்து நிற்கும். அதே கையைத்தான் வீட்டில் எங்கள்மேலும் வைப்பார். பாட்டு மாஸ்டர் பிள்ளைகள் பையன்கள் கடையில் குச்சியைப் பிடித்து ஆடுகிறது தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கிளாடிஸுக்குத் தெரியும். அவள் மூத்தவள், கொஞ்சம் வாங்கிப் பழகியவள்.

எங்கள் ஆட்டத்துக்கு மணிக்கூண்டு என்று நாங்களே பேர் வைத்திருந்தோம். ரெண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன், நீலச் சட்டைக்காரன் ஒருத்தன். பெரிய கோபுரத்துக்குள்ளே கீழேயிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். ரெண்டு பேரும் ஏணி ஏணியாய் ஏறித் தப்பிக்கணும். உச்சியில் ஒரு மணி தொங்கும். அதை அடித்துவிட்டால் ஜெயிப்பு. இதிலே ஒரு சூது என்னவென்றால், ஒருத்தன் மேலே ஏறினால் படமும் கூடவே மேலே ஏறிவிடும். கீழே பின்தங்கினவன் திரைக்கு அடியில் போய்விடுவான். தண்ணீருக்குள்ளே போனதாகக் கணக்கு. செத்தான். அதனால் சேர்ந்தே ஏறணும். இவள் ஒரு படி, நான் ஒரு படி. "ஏட்டி, வந்துட்டியா? ஏறவா?" "வந்துட்டேன், ஏறு." அவள் என்னை விட்டு ஏறவே மாட்டாள். தண்ணீர் அவள் காலை நனைக்கிற வரை நிற்பாள். நின்று பல தடவை செத்துமிருக்கிறாள். பின்னால் நிற்கிற பையன்கள் கத்துவார்கள். "ஏ மாஸ்டர் மவளே, அந்தக் குட்டிய விட்டுட்டு ஏறு, நீ ஒத்தையில போனா மணி அடிச்சிருவ." அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அதெல்லாம் வேஷம். பின்னால் தெரிந்தது.

ஒவ்வொருத்தருக்கும் மூலையில் சின்னச் சின்ன இருதயம் வரைந்திருக்கும். அத்தனை உயிர். நம்முடையது தீர்ந்துவிட்டால் மஞ்சள் பட்டனை அமுக்கலாம். கூட ஆடுகிறவள் கணக்கிலிருந்து ஒரு இருதயம் நம் பக்கம் வந்துவிடும். நான் அமுக்குவேன். பின்னே? அவள் பெரியவள், அவளுக்கு இருந்தது. நான் பழக்கடைப் பெட்டிமேல் ஏறி நின்று ஆடுகிறவள், குச்சியே எனக்கு எட்டாது. "அக்கா, ஒரு உயிர் தாயேன்" என்பேன். "எடுத்துக்க" என்பாள். பாதி நேரம் கேட்காமலே எடுத்துக்கொள்வேன். அவள் என்னிடமிருந்து ஒரு தடவை எடுத்திருப்பாளா? கிடையாது. எடுக்க என்னிடம் எப்போது மிச்சம் இருந்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. யாருமே தாண்டாத இடத்தை நாங்கள் தாண்டிவிட்டோம். உச்சிக் கட்டு. மணி தெரிகிறது, ஆன்ட்டி. நாக்குத் தெரிகிறது அந்த மணிக்கு. கடை முழுக்க எங்கள் பின்னால். கனியண்ணன்கூட ஸ்டூலை விட்டு எழுந்து வந்துவிட்டார். என்னிடம் இருதயம் எதுவும் மிச்சமில்லை, ஆடிக்கொண்டிருக்கிறதுதான் கடைசி. அவளிடம் ரெண்டு இருந்தது. நல்லா ஞாபகம், ரெண்டு.

அப்போது கிளாடிஸ் என்ன பண்ணினாள் தெரியுமா? ஆட்டத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தாள். திரைமேல் ஒரு கண்ணாடி போட்டிருக்கும் இல்லையா, கடை இருட்டு, வாசல் வெளிச்சம், அதனால் பின்னால் இருக்கிறதெல்லாம் அதில் நிழலாய்த் தெரியும். பெட்டிமேல் நிற்கிற எனக்கு அந்தக் கோணத்தில் ஒன்றும் தெரியாது. அவள் பார்த்தாள். இத்தனை பையன்கள் பார்க்கிறார்களே, தலை கலைந்திருக்கிறதா என்று பார்த்திருப்பாள். எனக்கு அன்றைக்கே அப்படித்தான் பட்டது. பார்த்த மாத்திரத்தில் மூன்று ஏணியை ஒரே மூச்சில் ஏறினாள்.

என்னைக் கேட்காமல். "வந்துட்டியா?" என்ற ஒரு வார்த்தை இல்லாமல்.

என் நீலச் சட்டைக்காரன் திரைக்கு அடியில் போய்விட்டான். நான் மஞ்சள் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோகிறேன். அவள் உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டாள். நான் அவள் விரலைப் பிடித்து இழுக்கிறேன். நகத்தால் பிராண்டினேன்கூட. "ரெண்டு இருக்குல்ல, ஒண்ணு தா" என்கிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஒன் ஆட்டம் முடிஞ்சு போச்சு ட்டி. எறங்கு. பின்னால போ. பேக்கரி வழியா வீட்டுக்குப் போ." பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக, நாய்க்குச் சொல்கிற மாதிரி.

செத்தவளுக்கு அங்கே என்ன வேலை? இறங்கினேன். அழுதுகொண்டே பேக்கரி அடுப்புப் பக்கமாய்ப் போய்ச் சந்தில் இறங்கி வீட்டுக்கு ஓடினேன். பாதி வழியில் மணிச் சத்தம் கேட்டது. ஜெயித்துவிட்டாள். தனியாய். கோயிலில் மாலை திரிகால ஜெபத்துக்கு அடிக்கிற நேரம் அது என்று அம்மா பிறகு சொன்னாள். எனக்குத் தெரியாதா எந்த மணி என்று?

ஆனால் ஆண்டவர் இருக்கிறார் ஆன்ட்டி. கேளுங்க. அவள் என்னைக் கொன்றுவிட்டு மணி அடித்த அதே நேரத்துக்கு அப்பா அந்தக் கடைக்கு வந்துவிட்டார். எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான். வாசலில் நின்று கொஞ்ச நேரம் இருட்டுக்குக் கண் பழகினபிறகுதான் உள்ளே வந்தாராம். பையன்கள் முன்னாலேயே அடி. வீட்டுக்கு வந்தும் அடி. ஆர்மோனியத்துக்குக் காற்று விடுகிற அந்தப் பலகையால் இல்லை, பெட்டியின் மூடியால். அவள் வலது கைச் சுண்டுவிரல் அன்றைக்கு மடங்கினது, இன்றைக்கும் நேராய் நிற்காது.

நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். எனக்கு ஒரு அடி விழவில்லை. செய்யாத தப்புக்கு ஏன் விழும்?

அப்பா கேட்கிறார், "ஒங்கூட யாரு வந்தது? சொல்லு." அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "யாரும் இல்லப்பா. நான் மட்டுந்தான்." திரும்பத் திரும்பக் கேட்கிறார், திரும்பத் திரும்ப அதையே சொல்கிறாள். நான் மட்டுந்தான். நான் மட்டுந்தான். பார்த்தீங்களா தற்பெருமையை? உச்சிக் கட்டு வரை கூடவே ஏறினது நான். நானும் இருந்தேன் என்று சொல்ல அந்த அடியிலும் அவளுக்கு வாய் வரவில்லை.

என்ன சொல்றீங்க? அப்பா வாசலில் நின்றதை அவள் அந்தக் கண்ணாடியில்…

இதையேதான் என் வீட்டுக்காரரும் கேட்டார். கல்யாணமான புதிதில் சொன்னேன், அவரும் இப்படித்தான் இழுத்தார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடு இல்லை. நீங்க பார்த்தீங்களா அங்கே இருந்து? நான்தானே இருந்தேன்.

அந்த வருஷம் முழுக்க அப்பா அவளைச் சனிக்கிழமை தவறாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஞானோபதேச வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். வருஷக் கடைசியில் மறைமாவட்டப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு. ஒரு மாதா சுரூபம் கொடுத்தார்கள். கேள்வி பதில் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பரிசும் ஒரு கணக்கில் எனக்கு வரவேண்டியதுதான். நானும் மாட்டியிருந்தால் நானும் படித்திருப்பேனே.

அது போகட்டும். சின்ன வயசு என்று விட்டிருப்பேன். விட்டும் இருந்தேன். இவன் பிறந்தபிறகுதான் எல்லாம் கிளம்பிவிட்டது.

இவன் நாள் நிறையாமல் பிறந்தவன். எனக்குப் பிரசவக் காய்ச்சல். இவனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். என்னால் எழுந்து போகமுடியவில்லை. யார் பார்த்துக்கொண்டது? அவள். வீட்டுக்கு வந்தபிறகு யார்? அவள். நான் கண் அயர்ந்தால் திடுக்கென்று முழித்து இவன் மூக்குக்கிட்ட விரலை வைத்துப் பார்ப்பேன், மூச்சு வருகிறதா என்று. ஒவ்வொரு ராத்திரியும் பார்க்கிறேன். எனக்கு முன்னாலேயே அங்கே அவள் விரல் இருக்கும். "மூச்சு வருது ட்டி, தூங்கு." இவன் என் மடியில் அழுவான், அவள் தூக்கினால் நிறுத்துவான். அவளுடைய அந்த வளைந்த சுண்டுவிரல் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். நேரான விரல் பத்து நான் வைத்திருக்கிறேன். வேண்டாமாம்.

எனக்கு விளங்கிவிட்டது. அவளிடம் இருதயம் தீர்ந்துவிட்டது. அதனால் மஞ்சள் பட்டனை அமுக்குகிறாள். என்னிடம் இருக்கிறது ஒன்றே ஒன்று. அதைத் தரமாட்டேன். இந்தத் தடவை உள்ளங்கையால் மூடிக்கொள்ளப் போகிறது நான்.

முக்காணிப் பாலம் வந்துவிட்டதா? இன்னும் கொஞ்ச நேரந்தான். ஆன்ட்டி, நான் ஒன்று கேட்கணும். பஸ்ஸில் எத்தனை சீட் காலியாய்க் கிடக்கிறது, பாருங்க. நான் ஏன் இங்கே வந்து உட்கார்ந்தேன்? உங்க கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு தெரிந்தது. நம்ம வேதக்காரங்க என்று தெரிந்தது. சித்தி ஞானத்தாயாக நிற்க மாட்டேன் என்றுவிட்டாள், கிளாடிஸ் முகத்தில் எப்படி முழிப்பது என்று. நீங்க நில்லுங்க. ஒரு அரை மணிநேர வேலை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, பசாசை விட்டுவிடுகிறேன் என்று சொன்னால் முடிந்தது. அப்புறம் உங்களை நான் தொந்தரவே பண்ண மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் அனுப்புவேன்.

யோசிக்கிறீங்க. உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசிவிட்டுச் செய்யலாமே என்பீங்க. சரி, இன்னும் ஒன்று சொல்கிறேன், இதைக் கேட்டுவிட்டு நீங்களே முன்னால் இறங்குவீங்க.

ஆஸ்பத்திரியில் ஒருநாள். காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. பிள்ளையைப் பார்க்கணும் என்று அடம்பிடித்துச் சக்கர நாற்காலியில் போனேன். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். அது வழியாய்ப் பார்க்கிறேன். பெட்டியின் மூடி திறந்திருக்கிறது. சுற்றி நாலைந்து டாக்டர்கள் நின்றவர்கள் அப்போதுதான் ஒதுங்குகிறார்கள். கிளாடிஸ் கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளர். அதிலிருந்து இவன் தலையில் தண்ணீரை விடுகிறாள். ஏசி போட்ட அறை ஆன்ட்டி. ஒரு கைப்பிடிகூட இல்லாத பிள்ளை. பச்சைத் தண்ணீர். பக்கத்தில் நிற்கிற நர்ஸ் தடுக்காமல் அவள்பாட்டுக்குச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

அவள் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எம் பிள்ளைக்குக் குளிர் கண்டு சாகட்டும்னு தலையில தண்ணி ஊத்துதியா?" வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொல்கிறாள், "உஷ்ணமா இருந்துது ட்டி, அதான். இப்ப நல்லா இருக்கான்." அவ்வளவுதான். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை? கிடையாது. அன்றைக்கு நான் பேசினது அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றாள். தப்புச் செய்தவள் அப்படித்தானே நிற்பாள்.

என்ன கேட்டீங்க?

ஊற்றும்போது அவள் வாய் அசைந்ததா என்றா? அசைந்தது. எதையோ முணுமுணுத்துக்கொண்டேதான் ஊற்றினாள். எத்தனை தரம் ஊற்றினாள் என்றா? விட்டு விட்டு. ஒன்று. அப்புறம் ஒன்று. அப்புறம்…

மூன்று.

ஏன் ஆன்ட்டி உத்தரியத்தைப் பிடித்துக்கொள்கிறீங்க?

இருங்க. பேசாதீங்க. அந்தக் கேள்வி எனக்கும் தெரியும். அதுவரைக்கும் நான் வகுப்புக்குப் போயிருக்கிறேன். ஞானஸ்நானம் கொடுக்கிற அதிகாரம் யாருக்கு உண்டு? குருக்களுக்கு உண்டு. ஆபத்து வேளையில் யாருக்கு உண்டு? ஆபத்து வேளையில் ஆணானாலும் பெண்ணானாலும் எவரும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் வார்த்து, பேரைச் சொல்லி…

ஆபத்து வேளை என்றால் எந்த வேளை ஆன்ட்டி? காய்ச்சலா? சளியா?

எல்லோரும் நல்லா இருக்கான் என்றுதானே சொன்னார்கள். அம்மா சொன்னாள். நர்ஸ் சொன்னாள். இவளும் சொன்னாள். நல்லா இருக்கிற பிள்ளைக்கு யாராவது… அத்தனை டாக்டர்கள் ஏன் அப்படி ஒதுங்கி நின்றார்கள்?

நீங்க ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்க முகத்தையும் என் பக்கம் திருப்பாதீங்க.

மூச்சு வருகிறது. இதோ, விரலில் படுகிறது. நீங்களும் ஒரு தரம் வைத்துப் பாருங்க. வருகிறதா? வருகிறதில்லையா? ம்.

யார் கூப்பிடுகிறது? கண்டக்டரா? அந்தோனியார்முனை விலக்கா?

நான் இறங்கலை அண்ணாச்சி. நீங்க விசில் அடிங்க. ஆமா, டிக்கெட் இங்கே வரைக்குந்தான் எடுத்தேன். இறங்கலை.

இறங்கி என்ன செய்ய ஆன்ட்டி? ஊற்றினது ஊற்றினதுதான். ரெண்டாம் தடவை கிடையாது. நான்தானே உங்களிடம் சொன்னேன். அவள் எனக்கு முன்னாலேயே ஏறிப்போய் மணியை அடித்துவிட்டாள். நாளைக்குக் கோயிலில் அந்தச் சட்டையைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றிருப்பாள். சாமியார் காதில் மட்டும் சொல்லியிருப்பாள். எனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஆன்ட்டி, இவனைக் கொஞ்சம் பிடிங்க. தலைக்குக் கீழே கையைக் கொடுங்க, அப்படித்தான். சுண்டுவிரலை நீட்டுங்க, பிடித்துக்கொள்வான். ஒரு கையால் போனில் நம்பர் போட வரவில்லை.

அவளுக்குத்தான். மன்னிப்புக் கேட்கவா? அதெல்லாம் கிடையாது. என்னை விட்டு ஏறினது ஏறினதுதான், அதை நான் மறக்கப்போவதில்லை. வேறொன்று கேட்கணும்.

பேர் சொல்லித்தானே ஊற்றணும்? வீட்டில் இன்னும் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், தாத்தா பேரா, புனிதர் பேரா என்று. அவள் அன்றைக்கே ஒரு பேரைச் சொல்லியிருப்பாள், இல்லையா. இவன் போய்விட்டால் மேலே கூப்பிட ஒரு பேர் வேண்டுமே என்று.

மணி போகிறது. எடுக்கட்டும்.

என் பிள்ளையின் பேர் என்ன என்று அவளிடம் கேட்கணும்.